இரண்டாம் முறை ஒடிக்காத சாமைத் தாள்

வெள்ளிமலையிலிருந்து வரும் முதல் பஸ் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதுமே நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். வந்திருக்கிறார்களா, இல்லை டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே பஸ்ஸை விட்டுவிட்டார்களா? எங்கள் மலைக்காரர்களை நம்ப முடியாது. அன்றைக்கு அவர்கள் வராமல் போனால் என் கல்யாணம் நடக்காது. பரீட்சை ரிசல்ட் வரும் நாள் மாதிரி இருந்தது எனக்கு.

முதலில் இறங்கியவர் எங்கள் ஊர்க்கவுண்டர். மலையில் ஊருக்கு ஊர் நல்லது கெட்டதைப் பேசித் தீர்க்க ஒருவர் உண்டு. எங்கள் ஊருக்கு அவர். கோர்ட்டுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடித்ததால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடுத்து என்னுடைய முன்னாள் கணவர். அவருக்குப் பின்னால் அவருடைய இப்போதைய மனைவி, இடுப்பில் கைக்குழந்தை, தலையில் ஒரு பெரிய கட்டு சாமைத் தாள்.

சாமை அறுத்து முடித்த மார்கழி அது. மலையில் களமெல்லாம் கதிர் அடித்த தாள் குவிந்து கிடக்கும். ஆனால் கோர்ட்டுக்கு எதற்குத் தாள்?

“இன்னாத்துக்குடி இது?” என்று கேட்டேன்.

“வக்கீலு போன் பண்ணி, சாமத் தாளு கொஞ்சம் எடுத்துக்கினு வாங்கன்னாராம் அக்கா. கொஞ்சம்னா எவ்ளோன்னு தெரியல. ஜட்ஜம்மா வூட்ல மாடு இருக்குதா?”

எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வக்கீல் எதற்குக் கேட்டார் என்று எனக்கும் தெரியாது. கட்டை இறக்கி ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் நடந்தோம். என் முன்னாள் கணவரின் மனைவியும் நானும் ஒரே தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு போனதை அந்தத் தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டுமே.

நாங்கள் எப்படிப் பிரிந்தோம் என்பதைச் சொல்லிவிட்டால்தான் மேலே சொல்வது விளங்கும். அவர் என் சொந்தத் தாய்மாமன் மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆன முதல் வாரத்திலிருந்தே எங்களுக்குள் எலிக்கும் பூனைக்கும் ஆகாத கதை. அவர் கிழக்கு என்றால் நான் மேற்கு. மேட்டுக்கொல்லையில் மரவள்ளி நடலாம் என்பார், நான் கேழ்வரகு என்பேன். சரி கேழ்வரகே போடலாம் என்று அவர் இறங்கி வந்தால், எனக்கு அப்போது மரவள்ளிதான் நியாயமாகப் படும். அவர் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதும் இல்லை. நானும் ஒன்றும் கெட்டவள் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு வழி உண்டு. தீர்த்துக்கொள்வது என்று சொல்வோம். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். இரண்டு வீட்டாரும் கொடுத்தது வாங்கியதை அங்கேயே பைசல் பண்ணுவார்கள். பிறகு ஊர்க்கவுண்டர் ஒரு சாமைத் தாளை எடுத்துக் கொடுப்பார். அதன் ஒரு முனையைப் புருஷனும் மறுமுனையைப் பெண்டாட்டியும் பிடித்து ஒடிக்க வேண்டும். அவரவர் கையில் இருக்கும் துண்டை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆளுக்கொரு பாதையில் நடக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம், ஊர் வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போகும்.

அன்றைக்கும் நாங்கள் சும்மா ஒடித்துவிடவில்லை. வேர்ப்பக்கம் யார் பிடிப்பது, கதிர்ப்பக்கம் யார் பிடிப்பது என்று ஒரு சண்டை. ஊர்க்கவுண்டர் கத்தினார்.

“இதுக்கும் சண்டையா? ஒடிச்சித் தொலைங்க. எனக்கு கொல்லையில வேல கெடக்குது.”

ஒடித்தோம். நான் கீழே இறங்கி வந்து நர்ஸ் உதவியாளர் பயிற்சி முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அவர் அடுத்த ஊரில் ஒரு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டார். அவள் அவர் சொல்வதற்கெல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்கிறவள். இந்தச் சூட்சுமம் எனக்குத் தோன்றவே இல்லை!

அப்புறம் சின்னசேலத்திலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக் விரலை நசுக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போட்டது நான். தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னோம், வந்தார். புண் ஆறிவிட்டது, இனிமேல் வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வந்தார்.

“இன்னா இன்னும் வந்துக்கினு இருக்கீங்க?” என்றேன்.

“நகம் மொளைக்குதான்னு பாத்து சொல்லுங்க” என்றார்.

நகம் முளைப்பதற்குள் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. அவரைப் பார்த்தால் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. அதுவே எனக்குப் பெரிய அதிசயம். என் பழைய கதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். வேர்ப்பக்கம் யார் பிடித்தது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

அவர் மலைக்காரர் இல்லை, நான் மலைக்காரி. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி தன்மையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு, இதற்கு முன் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார்.

“ஆச்சுங்க சார். தீத்துக்கிட்டோம்.”

“கோர்ட்டு ஆர்டர் இருக்கா?”

“கோர்ட்டுல இல்லீங்க சார். கோயில்ல தாள் ஒடிச்சோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் பிரிந்துவிட்டீர்கள் என்று கோர்ட்டு சொல்லாமல் என்னால் எழுத முடியாது அம்மா, என் கை கட்டியிருக்கிறது. மெக்கானிக்கின் அம்மா அதைக் கேட்டதிலிருந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். “இன்னொருத்தன் பொண்டாட்டிய இட்டுக்கினு வந்துட்டான்னு ஊரு பேசும். கோர்ட்டுல இருந்து வாங்கிக்கினு வரட்டும், நானே ஆரத்தி எடுக்கறேன். இல்லன்னா இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது.” அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக.

சங்கராபுரத்து இளம் வக்கீல் ஒருவர் கிடைத்தார். போடுங்கள் விவாகரத்து கேஸ் என்றேன். நாலு நாள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கே மூச்சு வாங்க ஓடி வந்தார். எங்களைப் போன்ற பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாதாம், எங்கள் வழக்கம்தான் எங்களுக்குச் சட்டமாம்.

“உங்களுக்கு புதுசா டைவர்ஸ் வாங்க வேண்டியதில்லம்மா. நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்க. அது செல்லும்னு கோர்ட்டு சொன்னா போதும். அப்படி ஒரு வழக்கம் நிஜமாவே இருக்குதுன்னு சாட்சி வச்சி நிரூபிக்கணும்.”

“நிரூபிக்க முடியலன்னா?”

“அப்ப நீங்க இன்னும் அவரோட மனைவி.”

உடனே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்னைவிட மாமாவின் மனைவிக்குத்தான் பயம் அதிகம். நான் இன்னும் அவருடைய மனைவி என்றால், அவள் யார்? அவள் இடுப்பில் இருக்கும் குழந்தை யார்? அன்றைக்கு ராத்திரியே போன் செய்தாள். “அக்கா, நாங்க எல்லாம் வந்து சாட்சி சொல்றோம் அக்கா. நீ தைரியமா இரு.” எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு, ஜட்ஜு நம்புவாரா என்று மூன்று தடவை கேட்டாள்.

அதனால்தான் அன்றைக்கு எல்லோரும் வந்து இறங்கினார்கள். கோர்ட்டு வாசலில் தாள்கட்டைப் பார்த்த போலீஸ்காரர் உள்ளே விடவில்லை. வக்கீல் ஓடி வந்து ஒரே ஒரு தாளை உருவித் தன் கோப்புக்குள் செருகிக்கொண்டு, மீதியைப் புங்கமரத்தடியில் வைக்கச் சொன்னார். முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு. எதற்கு என்று கேட்டால் “சஸ்பென்ஸ்மா” என்றார். குழந்தை அழுததால் மாமாவின் மனைவி வெளியே வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். என் மெக்கானிக்கும் கிரீஸ் படிந்த சட்டையோடு அரை நாள் லீவில் ஓடி வந்து கதவோரம் நின்றார்.

ஊர்க்கவுண்டர் கூண்டில் ஏறி நின்ற அழகைச் சொல்ல வேண்டும். கோயில் முன்னால் உட்காருவது போலவே நிமிர்ந்து நின்றார். ஜட்ஜம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில்.

“இவங்க பிரிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானுங்க தாள எடுத்துக் குடுத்தேன்.”

“உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பிரிவாங்களா?”

“எங்க அப்பன் காலத்துலயும் அப்டித்தான். அவுரு அப்பன் காலத்துலயும் அப்டித்தான்.”

“ஒடிச்சதுக்கு அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“தாராளமா பண்ணிக்கலாங்க. ஒடிக்காம பண்ணிக்கினாதான் தப்பு.”

எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது, தை பிறந்ததும் கல்யாணம் என்று மனசுக்குள் புடவையே எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் எங்கள் வக்கீல் எழுந்தார். அனுமதி கொடுத்தால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்திலேயே சாட்சி நடத்திக் காட்டுவார் என்றார். கோப்பிலிருந்து சாமைத் தாளை உருவி, கத்தியை உருவுவது போல உயர்த்திக் காட்டினார். ஓ, இதுதானா சஸ்பென்ஸ்!

ஜட்ஜம்மாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, அவங்க ரெண்டு பேரும்தான் இருக்காங்களே. முன்னால வரச் சொல்லுங்க. அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செஞ்சி காட்டுங்க.”

நானும் மாமாவும் முன்னால் போய் நின்றோம். வக்கீல் தாளை எங்கள் கையில் வைத்தார். பழக்கதோஷம், நான் வேர்ப்பக்கத்தைப் பிடித்தேன்.

“தொடாத! கைய எடு!”

கூண்டிலிருந்து வந்த சத்தத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்மணி துள்ளி விழுந்தார். ஊர்க்கவுண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கோர்ட்டில் கத்தக் கூடாது என்று ஜட்ஜம்மா கண்டித்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“மன்னிச்சிக்கங்க தாயி. இவங்க இத ஒடிக்கக் கூடாதுங்க.”

“நான் நிஜமா ஒடிக்கச் சொல்லலையே. சும்மா பாக்கத்தான் கேக்குறேன்.”

“சும்மா ஒடிக்கிறதுன்னு எங்கள்ல ஒண்ணு இல்லீங்க. ஒருக்கா ஒடிச்சவங்க மறுக்கா ஒடிச்சா, மொதல்ல ஒடிச்சது பொய்யின்னு ஆயிடும். நடுவுல இவன் ஒரு பொண்ணக் கட்டி கொழந்த பெத்துக்கினானே, அந்தப் பொண்ணு இன்னா ஆவா?”

“அப்போ வேற யாரையாவது வச்சிக் காட்டுங்க.”

ஊர்க்கவுண்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். போன ஆவணியில்தான் கல்யாணமான வக்கீல் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கல்யாணம் ஆனவங்கள வச்சி ஒடிச்சா தீந்துபூடும். ஆவாதவங்கள வச்சி ஒடிச்சா அவங்களுக்குக் கல்யாணமே கூடி வராது. நான் யாரையும் வச்சி ஒடிக்க மாட்டேங்க. அது பாவம்.”

அறையில் ஒரே சலசலப்பு. வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்காத கதையாக, ஜட்ஜம்மாவே பார்க்கிறேன் என்கிறார், எங்கள் சாட்சி காட்ட மாட்டேன் என்கிறார். வக்கீல் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“ஒடிச்சிடுங்கம்மா. ஜட்ஜே கேட்டு காட்டலன்னா வழக்கமே பொய்னு ஆயிடும். கேஸ் போயிடும்.”

தாள் என் கையில்தான் இருந்தது. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், நொறுங்கிவிடும். கதவோரம் என் மெக்கானிக், நசுங்கிய விரலின் புது நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒடித்துவிடேன் என்றது மனசு. இது கள்ளக்குறிச்சி, மலை இல்லை, இங்கே ஒடித்தால் யாருக்கு என்ன? அவருக்குப் பின்னால் வராந்தாவில் அவள் தெரிந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தட்டிக்கொடுக்க மறந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒடித்தால் கோர்ட்டில் ஜெயித்து எனக்குக் கல்யாணம் நடந்துவிடும், மலையில் அவளுக்குக் கல்யாணம் இல்லாமல் போய்விடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்த வக்கீலை யார் தாள் கொண்டுவரச் சொன்னது!

ஜட்ஜம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

“அவர் சொல்றது இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க? ஒடிச்சிக் காட்டுறீங்களா?”

“மாட்டோம்.”

சொன்னது நான். சொன்னது மாமாவும். ஒரே நேரத்தில், ஒரே குரலில். இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம். அந்த ஆளும் நானும் ஒரே வார்த்தையை ஒன்றாகச் சொன்னது எங்கள் ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை. தாலி கட்டும்போதுகூட அவர் நிமிரு என்றார், நான் குனிந்தேன்.

“ஏன்?” என்று அவரிடம் கேட்டார் ஜட்ஜம்மா.

மாமா நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவர். எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னார். “தீந்துபோனதுங்க. தீந்துபோனத மறுபடி எப்டிங்க தீக்கறது?”

ஜட்ஜம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு தாளைக் கீழே வைக்கச் சொன்னார். மேசைமேல் வைப்பதற்குக்கூட ஊர்க்கவுண்டர் விடவில்லை. அவரே கூண்டிலிருந்து இறங்கி வந்து, எங்கள் இரண்டு பேர் கையிலிருந்தும் அதை முழுசாக வாங்கி, முறியாமல் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். சாட்சியும் இரு தரப்பாரும் செய்துகாட்ட மறுத்தார்கள் என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தீர்ப்புக்கு நாள் குறித்தார் ஜட்ஜம்மா.

வெளியே வந்ததும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஒடிக்கலியே அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் ஓவென்று அழுதுவிட்டாள். வக்கீல் புங்கமரத்தடியில் தாள்கட்டின் மேலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். என் மெக்கானிக் மட்டும் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். “நீ ஒடிச்சிருந்தா எனக்கு சங்கடமாத்தான் இருந்திருக்கும்” என்றார். எனக்கு அந்த ஆளை அங்கேயே, அந்த நிமிஷமே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தீர்ப்பு நாள் வந்தது. முன் வரிசையில் மெக்கானிக்கின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார், நான் கூப்பிடவே இல்லை. ஜட்ஜம்மா நிறையப் படித்தார், பாதி எனக்குப் புரியவில்லை. என் காது ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. செல்லும் என்றார். மலையில் நடந்த பிரிவு செல்லும்! பிறகு எங்கள் வக்கீலைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுவது போலச் சொன்னார்.

“அன்னைக்கு இவங்க ஒடிச்சிக் காட்டியிருந்தா எனக்குச் சந்தேகம்தான் வந்திருக்கும். கேஸே போனாலும் விளையாட்டுக்குச் செய்ய மாட்டேன்னு மூணு பேரும் நின்னாங்க பாருங்க, அதுக்கு மேல எனக்கு என்ன நிரூபணம் வேணும்?”

வக்கீல் இதற்காகத்தான் தாள் கொண்டுவரச் சொன்னேன் என்பது போல ஒரு முகம் வைத்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது கத்தினேனாம், எனக்கு நினைவில்லை, போலீஸ்காரர் அதட்டினாராம். மெக்கானிக்கின் அம்மா பக்கத்தில் வந்து, “ஆரத்திக்கு சுண்ணாம்பு மஞ்சா எல்லாம் வாங்கிட்டேன், வெத்தல மட்டும் நாளைக்கி வாங்கணும்” என்றார்.

பதிவாளர் பலகையில் ஒட்டிய முப்பது நாள் நோட்டீஸ் காலம் முடிந்து, அதே பதிவாளர் அலுவலகத்தில், அதே அதிகாரி முன்னால் எங்கள் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். மெக்கானிக்கின் அக்கா போட்டார். ஊர்க்கவுண்டர் போட்டார். மூன்றாவதாக என் மாமா பேனாவை எடுத்தார். பின்னால் அவருடைய மனைவி, குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, சிரித்துக்கொண்டு நின்றாள்.

“அங்க இல்ல மாமா, அதுக்குக் கீழ” என்றேன்.

“எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

“தெரிஞ்சா ஏன் பேனாவத் தூக்கிக்கினு முழிக்கிற?”

“நீ பக்கத்துல நின்னா எனக்கு எழுத்தே வர மாட்டேங்குது. தள்ளி நில்லு.”

“ஏன், நான் நின்னா இன்னா?”

மெக்கானிக் பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் மேசையில் கையை ஊன்றி அவர் பக்கம் குனிந்தார்.

“சார், நாங்க எதுக்குத் தாள ஒடிச்சோம்னு இப்பவாவது தெரியுதுங்களா?”